தாண்டிக்குடிச் சாலையில் ஒரு மலைவாழைக் கடை: பழம் முதல்தரம், பலகையில் பாதிக் கதைதான்

பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில், பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடிக்குச் செல்லும் சாலையோரம், ஒரு காபித் தோட்டத்தின் வாசலை ஒட்டி மலைவாழைக் கடை ஒன்று இயங்கிவருகிறது. ஓடு வேய்ந்த ஓர் அறை, அதன் முன்னால் தார்களைத் தொங்கவிட்டிருக்கும் மூங்கில் சட்டம், உள்ளே உலர்பழமும் காபித்தூளும் அடுக்கிய அலமாரி, அவ்வளவுதான் கடை. தனிப்பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ‘பயோடைனமிக் முறையில் மீட்டெடுத்த விருப்பாட்சி வாழை’ என்ற பலகை மட்டும் உண்டு. பயோடைனமிக் என்பது இயற்கை விவசாயத்தில் ஒரு வகை; அதன் விவரம் பின்னால் வருகிறது. கொடைக்கானலுக்குப் போகும் கூட்டம் ஊத்து வழியாக நேரே பெருமாள்மலைக்கு ஏறிவிடுவதால் இந்தச் சாலையில் நெரிசல் கிடையாது. இங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் யாரோ சொல்லிக் கேட்டு, இதற்கென்றே வருகிறவர்கள். நானும் அப்படிப் போனவன்தான். பழம் வாங்கினேன், கட்டணம் செலுத்தித் தோட்டத்தையும் சுற்றிப் பார்த்தேன்.

முதலில் பழம். நான் வாங்கிய சீப்பில் பழங்கள் குட்டையாக, லேசாக வளைந்து, விளிம்புகள் நன்றாகத் தெரியும் தடித்த தோலோடு இருந்தன. பார்வைக்குக் கவர்ச்சியான பழம் என்று சொல்ல முடியாது. காய் நிறம் முழுவதும் மாறாமல் மங்கிய மஞ்சளாகவே நிற்கும். சில நாட்களில் தோலில் கரும்புள்ளிகள் விழுந்து, பிறகு தோல் முழுதும் கறுத்துவிடும். நகரத்துப் பழக்கடையில் என்றால் அந்த நிலையில் குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் விருப்பாட்சியைத் தின்ன வேண்டிய பதம் அதுதான். கறுத்த தோலை உரித்தால் உள்ளே சதை கெட்டியாக, குழையாமல் இருக்கிறது. விரலில் ஈரம் ஒட்டுவதில்லை. கடித்தவுடன் மாவுத்தன்மையும், அதன் பின்னால் மெல்லிய புளிப்பு கலந்த இனிப்பும், நாக்கிலிருந்து மூக்குக்கு ஏறும் ஒரு மணமும் வருகின்றன. பூவனின் புளிப்போ ரஸ்தாளியின் வழவழப்போ இதில் இல்லை. நீர்ச்சத்து குறைவாக இருப்பதால் நாள்பட்டாலும் கசிவதில்லை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழமே உகந்தது என்று காலங்காலமாகச் சொல்லப்படுவதற்கும் இதுவே காரணம். சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசைய வேண்டிய பண்டத்துக்கு, தானாகவே தண்ணீர் விடும் பழம் ஆகாது.

இதே கன்றைக் கொண்டுபோய்ச் சமவெளியில் நட்டால் இந்த மணம் வருவதில்லை. 2,000 அடியிலிருந்து 5,000 அடி வரையிலான உயரத்தில், காபிக்கு நிழலாக, குளிர்ந்த காற்றில் மெதுவாக முற்றும்போதுதான் பழம் தன் குணத்தை அடைகிறது. நட்ட கன்று முதல் தார் வெட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஒருமுறை ஊன்றிவிட்டால் அந்தத் தூரிலிருந்து கன்றுகள் மாறி மாறி வந்து பல ஆண்டுகளுக்குப் பலன் கொடுத்துக்கொண்டே இருக்கும். 2008-09இல் விருப்பாட்சிக்கும், அதன் பக்கத்து மலையில் விளையும் சிறுமலை வாழைக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒட்டன்சத்திரத்துக்கு அருகே, மலையடிவாரத்தில் இருக்கும் விருப்பாட்சி என்ற ஊரின் பெயரால் பழம் அறியப்படுகிறது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர் அது. விளைவது மேலே, பெயர் கீழே.

இந்தக் கடையில் ஒரு பழம் 12 ரூபாய். அதே சாலையில் சற்று தள்ளி, தகரக் கொட்டகையில் விற்பவரிடம் 8 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டையும் வாங்கி ஒரே நாளில் தின்று பார்த்ததில், ருசியில் 4 ரூபாய் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதே இந்தக் கடையை மதிப்பிடுவதற்கான சரியான கேள்வி. அதற்குக் கடை தரும் விடை ஒன்று, தோட்டம் தரும் விடை வேறொன்று.

கடை தரும் விடை பசுவின் கொம்பு. கல்லாவுக்கு மேலேயே ஒரு ஜோடிக் கொம்புகளை வைத்திருக்கிறார்கள். அருகில் ஒரு துண்டுப் பிரசுரம். 1924இல் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர், அன்றைய ஜெர்மனியில் இருந்த கோபெர்விட்ஸ் என்ற ஊரில் விவசாயிகளுக்கு ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்தது பயோடைனமிக் விவசாயம். கன்று ஈன்ற பசுவின் கொம்பில் சாணத்தைத் திணித்து, இங்கே ஐப்பசி வாக்கில் மண்ணில் புதைத்து, குளிர்காலம் கழிந்ததும் எடுப்பார்கள். அதற்குள் சாணம் நாற்றமெல்லாம் போய், கறுத்து, பிசுபிசுத்த மண்ணாகியிருக்கும். ஏக்கருக்கு ஏறத்தாழ 25 கிராம் எடுத்து, 13 முதல் 15 லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கி, மாலையில் மண்ணில் தெளிக்க வேண்டும். இதற்கு 500 என்று எண். படிகக்கல் பொடியைக் கொம்பில் வைத்துச் செய்வது 501. ‘யாரோ’ (yarrow) என்ற செடி, சீமைச் சாமந்தி, டான்டெலியன், வலேரியன் போன்ற குளிர்நாட்டு மூலிகைகளை எருக்குவியலில் சேர்க்கும் கலவைகள் 502 முதல் 507 வரை. அந்த மூலிகைகள் சமவெளியின் வெயிலைத் தாங்க மாட்டா. இப்படிப்பட்ட மலையில் வளர்த்தெடுக்க முடியும் என்பது இம்முறைக்கு இங்கே கிடைத்திருக்கும் வசதி.

150 ரூபாய் கொடுத்தால் தோட்டத்தைச் சுற்றிக்காட்டுகிறார்கள். மர உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் நீண்ட கழியைக் கொண்டு பீப்பாயில் தண்ணீரைச் சுழற்றுவதை அங்கே பார்த்தேன். நடுவில் ஆழமான சுழி விழும் வரை ஒரு பக்கமாகச் சுற்றி, சட்டென்று நிறுத்தி, தண்ணீர் குமுறிக் கலங்கியதும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். சுற்றுலா வந்த பிள்ளைகளுக்குக் கழியைக் கொடுத்துவிடுவதால் அரைமணி நேர வேலை இலவசமாக நடந்துவிடுகிறது என்பது வேறு விஷயம். காண நன்றாகவே இருக்கிறது.

ஆனால் எனக்குக் கொடுத்த காசுக்குப் பொருள் கிடைத்தது அதற்குப் பிறகுதான். சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை நிழலில், காபிச் செடிகளுக்கு இடையே நிற்கும் வாழைத் தூர்களைக் காட்டிக்கொண்டே வந்த தோட்டக்காரர் ஒரு தூரின் அருகே குனிந்தார். அடித்தண்டை ஒட்டிய காய்ந்த மட்டையை மெல்ல விலக்கி, "அண்ணே, எறும்பு வரிசையா ஏறுது பாருங்க. எறும்பு ஏறுனா உள்ள அசுவினி இருக்குன்னு அர்த்தம்" என்றார். மட்டைக்கும் தண்டுக்கும் இடையே, கடுகைவிடச் சிறியதாக, கருப்பழுப்பு நிறத்தில் அசுவினிகள் அப்பியிருந்தன. அவை கசியவிடும் இனிப்பை உண்ண எறும்புகள் காவலிருந்தன. விருப்பாட்சியை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியது இந்தப் பூச்சி கடத்தும் முடிக்கொத்து நோய் வைரஸ்தான்.

இந்த வைரஸ் 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. பிறகு மலை ஏறியது. நோய் கண்ட வாழையில் புது இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சை நிறத்தில் விட்டு விட்டுக் கோடுகள் தோன்றும். இளமையில் நோய் கண்டால் குலை தள்ளவே தள்ளாது. மருந்து கிடையாது. தூரோடு கிழங்கையும் தோண்டி அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதைவிட மோசமான செய்தி, நோய் வெளியே தெரியாத தாய்மரத்தின் பக்கக்கன்றிலும் வைரஸ் இருக்கலாம் என்பது. மலைவாழைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததுபோல அக்கம்பக்கத்துத் தோட்டத்திலிருந்து நல்ல கன்றாகப் பார்த்து வாங்கி நட்டார்கள். கன்றோடு நோயும் நடந்தது. எழுபதுகளில் கீழ்ப் பழனி மலையில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பின்னர் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

எனவே மீட்டெடுப்பு என்று ஒன்று நடந்திருந்தால் அது வைரஸ் இல்லாத கன்றிலிருந்துதான் தொடங்கியிருக்க முடியும். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் செய்த வேலை அது. குருத்தின் நுனித் திசுவை எடுத்து வளர்த்து, சோதித்து, வைரஸ் இல்லை என்று உறுதியான கன்றுகளைப் பெருக்கிக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் இந்தக் கடையிலிருந்து தொலைவில் இல்லை. இந்தத் தோட்டத்தில் நிற்கும் வாழைகளின் மூதாதைகளும் திசு வளர்ப்புக் கன்றுகள்தாம் என்று தோட்டக்காரர் தயங்காமல் சொன்னார். கடையின் துண்டுப் பிரசுரத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனக்குள்ள முதன்மையான குறை இதுதான். ஆய்வகத்தில் வளர்ந்த கன்று என்று எழுதினால் இயற்கை விவசாயப் பொருளைத் தேடி வரும் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று நினைக்கிறார்கள் போலும். கல்லாவில் இருந்த அம்மாளிடம் கேட்டபோது, "அதெல்லாம் போட்டா கலப்பினம்னு நெனச்சுக்குவாங்க, தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய அச்சம் புரிகிறது. திசு வளர்ப்பினால் ரகம் மாறுவதில்லை, அதே விருப்பாட்சிதான் நோயில்லாமல் கிடைக்கிறது என்று நான்கு வரியில் எழுதிவிட்டால் தீரக்கூடிய அச்சம் அது. அந்த நான்கு வரிக்குப் பதிலாகக் கொம்பை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

பிரசுரம் தன் கூற்றுக்குத் துணையாக ஐரோப்பாவை அழைக்கிறது: அங்கே அழிந்துகொண்டிருந்த பூர்விகத் திராட்சை ரகங்களைப் பயோடைனமிக் ஒயின் தயாரிப்பாளர்கள் மீட்டதைப்போல நாங்கள் வாழையை மீட்டோம் என்கிறது. ஒப்பீடு பொருத்தமானதுதான், ஆனால் அது பிரசுரம் நினைக்கும் திசையில் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்செரா என்ற பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. மறுபடி நட்டபோது விலை போகும் ரகங்களையே நட்டதால் உள்ளூர் ரகங்கள் பல காணாமல் போயின. ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஒயின் தயாரிக்கும் டோரஸ் குடும்பத்தார், 1980களில் தொடங்கி, பெயர் தெரியாத பழைய கொடி யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கும்படி உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட ரகங்களைக் கண்டெடுத்தார்கள். கண்டெடுத்த கொடியை அப்படியே நடவில்லை. ஆய்வகத்தில் வைரஸ் நீக்கி, பெருக்கி, பிறகு சோதனை நடவு செய்து, ஒயினாக்கிச் சுவைத்துப் பார்த்து, தேறியவற்றை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஃபோர்காதா, பிரேனே போன்ற பெயர்கள் இன்று பாட்டில்மேல் அச்சாவது அப்படித்தான். பெரிய பண்ணைக்கும் சரி, நம் மலையோரத் தோட்டத்துக்கும் சரி, ரகத்தை மீட்கும் வேலையின் முதல் படி நோயில்லாத நடவுப்பொருள். எந்த உரம் இடுவது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

அந்த அடுத்த கேள்விக்கும் ஓரளவு விடை இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1978 முதல் பயோடைனமிக், இயற்கை, வழக்கமான விவசாயம் ஆகியவற்றை ஒரே நிலத்தில் அருகருகே நடத்தி ஒப்பிட்டுவருகிறார்கள். 2002இல் வெளியான முடிவுகளின்படி, இயற்கை முறைகளில் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இடுபொருள் செலவும் கணிசமாகக் குறைந்தது. மண்ணின் உயிர்வளம் கூடியது. கலிஃபோர்னியாவில் ஒரு மெர்லோ திராட்சைத் தோட்டத்தில் பயோடைனமிக் கலவைகளைத் தெளித்த பாத்திகளையும் தெளிக்காத இயற்கைப் பாத்திகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வந்தது. மண்ணின் தரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை. எரு, மூடாக்கு, நிழல் ஆகியவற்றால் மண் உயிர்ப்படைகிறது என்பதில் ஐயமில்லை, இந்தத் தோட்டத்தின் மண்ணைக் கையில் அள்ளினாலே தெரிகிறது. கொம்புக்குத் தனிப் பங்கு உண்டா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

பிரசுரத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. கன்று நடுவதற்குத் தேய்பிறையே ஏற்றது, பயோடைனமிக் பஞ்சாங்கமும் அதையே சொல்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பஞ்சாங்கம் நடவுக்குச் சொல்வது நிலவு வானில் நாளுக்கு நாள் தாழ்ந்து செல்லும் காலத்தை. அது ராசி மண்டலத்தைச் சுற்றிவரும் ஏறத்தாழ 27.3 நாள் கணக்கு. பிறைகளின் கணக்கோ 29.5 நாள். ஒரு மாதம் இரண்டும் சேர்ந்து வரலாம், இன்னொரு மாதம் வளர்பிறையிலேயே நிலவு தாழ்ந்துகொண்டிருக்கலாம். ஒரு முறையைப் பின்பற்றுவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் அந்த முறையின் அரிச்சுவடியையாவது சரியாக அச்சிட வேண்டாமா? பயோடைனமிக் பொருள்களுக்கான டிமீட்டர் முத்திரை தங்களிடம் இல்லை என்று கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்கள். மறைக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது.

சரி, அந்த 4 ரூபாய்? அதற்கான விடையைத் தோட்டக்காரரே, தான் பெரிய விஷயம் சொல்வதாக எண்ணாமலே, போகிறபோக்கில் சொன்னார். சுத்தமான கன்றை நட்டால் மட்டும் போதாது. பக்கத்துத் தோட்டத்தில் நோய் கண்ட ஒரு தூர் நின்றால், சிறகுள்ள அசுவினி பறந்து வந்து சில வருடங்களில் கணக்கைத் தீர்த்துவிடும். ஆகவே இவர்கள் சுற்றியுள்ள சிறு விவசாயிகளின் பழத்தையும் சாலையோர விலையைவிடக் கூட்டிக்கொடுத்து வாங்குகிறார்கள். ஒரே நிபந்தனை, நோய்த் தூர் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். இவர்களுடைய ஆட்கள் போய்த் தோண்டி எடுப்பார்கள். தோண்டுவதற்கு முன் தூர் முழுதும் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலைத் தெளித்து அசுவினியைக் கொல்கிறார்கள், இல்லாவிட்டால் ஆட்டிய ஆட்டத்தில் பூச்சி அடுத்த தூருக்குப் போய்விடும். பிறகு கிழங்கைச் சில்லுச் சில்லாக வெட்டிக் காயப்போடுகிறார்கள். ஒரு வாழையை இழந்தவருக்குப் பதிலாகச் சோதித்த கன்று ஒன்றைக் கொடுக்கிறார்கள். நான் போன அன்று அப்படித் தோண்டிய குழி ஒன்று ஈரம் காயாமல் இருந்தது; வெட்டிய கிழங்குத் துண்டுகள் பாறைமேல் பரப்பிக் கிடந்தன. இந்த வேலைக்குக் கூலி இருக்கிறது, இழப்பு இருக்கிறது, அண்டை வீட்டாரைச் சமாதானப்படுத்தும் சிரமம் இருக்கிறது. யானை வந்து போன தோட்டத்துக்காரரிடம் போய், மிச்சம் நிற்பதிலும் ஒரு தூரை வெட்டுங்கள் என்று சொல்வது எளிதல்ல. இதற்காக 12 ரூபாய் என்றால் நான் மனமாரக் கொடுப்பேன். பலகையில் எழுத வேண்டியதும் இதைத்தான்.

மற்ற பொருள்களைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலர்பழம் நன்றாக இருக்கிறது. சர்க்கரை சேர்க்காமல், நீளவாக்கில் பிளந்து காயவைத்தது, தேனில் போட்டதைவிடச் சாதாரணமாகக் காய்ந்ததையே வாங்குங்கள். தேனில் ஊறியதில் பழத்தின் புளிப்பு அமுங்கிவிடுகிறது. காபித்தூள் அதே வாழை நிழலில் விளைந்த அரபிகா, சிக்கரி கலக்காதது, வறுவல் சற்று அதிகம். பஞ்சாமிர்தம் என்று பெயரிட்டு ஒரு புட்டியும் வைத்திருக்கிறார்கள். வாழை, நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் எல்லாம் சரி, ஆனால் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பண்டத்தின் பெயரை இப்படிப் பொதுவாக எடுத்துக்கொள்வது சரியா என்று யோசிக்க வேண்டும். ருசி குறையில்லை. மலைப்பூண்டு பருவத்தில் மட்டும் கிடைக்குமாம்.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. ‘நாட்டுத் திராட்சைச் சாறு’ என்று அரை லிட்டர் பாட்டில் 220 ரூபாய்க்கு விற்கிறார்கள். அதில் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அருமையான பழம். அதன் மணத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம், நம் மண்ணுக்கு வந்து நிலைத்தது. பூர்விக ரகங்களை மீட்பதையே தொழிலாகச் சொல்லும் கடை, கம்பத்திலிருந்து வரும் சாற்றை அந்த வரிசையில் நிறுத்துவது பொருந்தவில்லை. சாற்றைக் காய்ச்சி அடைத்திருப்பதால் பன்னீருக்கே உரிய வாசமும் பாதி போய்விட்டது. அந்தப் பணத்துக்கு அடிவாரத்தில் பழமாகவே வாங்கிக்கொள்ளலாம்.

சேவையில் குறையில்லை. பழத்தைப் பதம் பார்த்து, இன்றைக்குத் தின்ன, மூன்று நாள் கழித்துத் தின்ன என்று கேட்டுப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கறுத்த பழத்தைத் தள்ளிவிட முயலவில்லை, மாறாக அதுதான் நல்லது என்று ஒன்றை உரித்துத் தின்னக் கொடுத்தார்கள். தோட்டச் சுற்று மதியத்துக்கு முன்பு மட்டும். மழை பெய்தால் கிடையாது. அட்டைக்கடிக்கு உப்போ மூக்குப்பொடியோ நீங்களே கொண்டுபோக வேண்டும். தாராக வேண்டுமென்றால் முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் முற்றிய தாரை வெட்டி வைத்திருப்பார்கள், கூரியரில் அனுப்புவதில்லை. யுபிஐ வசதி உண்டு என்று எழுதி ஒட்டியிருந்தாலும் அந்த வளைவில் அலைபேசிக் கோபுரம் பெரும்பாலும் எட்டாது. வத்தலக்குண்டிலேயே சில்லறை மாற்றிக்கொண்டு ஏறுங்கள்.